ஊனுண்ணும் உயிரும் சைவ இல்லமும்

திருக்கோணமலையில் டச்சுக்குடாக் கரையோரமாக விடியற்காலையில் நடந்து செல்பவர்கள், கரைவலைத் தொழிலாளர் இரு வரிசையாக நின்று கயிற்றை இடுப்பில் வாங்கிப் பின்னோக்கி அடியெடுத்து வைக்கும்போது, அவர்களுக்குச் சற்றே தள்ளி ஈரமணலில் வாலைச் சுருட்டிக்கொண்டு, ஏதோ தியானத்தில் ஆழ்ந்தவைபோலக் காத்திருக்கும் பூனைகளையும் கண்டிருப்பார்கள். வலை கரையேறி, மடி அவிழ்ந்து, சூடையும் நெத்தலியும் கீரிமீனும் மணலில் துள்ளிச் சிதறும் அந்தக் கணத்தில், பூனைகளின் தியானம் கலையும். மேலே வட்டமிட்டுக்கொண்டிருந்த செம்பருந்து ஒன்று சிறகைச் சாய்த்துத் தாழ்ந்து, ஒரு மீனைக் கவ்விக்கொண்டு கோணமாமலையின் திசையில் மறையும். அவ்வேளையில் கோணேசர் கோவிலுக்குப் போகிற வழியில் நிற்கும் முதியவர் ஒருவர், அண்ணாந்து பார்த்துக் கருட தரிசனம் கிடைத்ததென்று இரு கன்னங்களிலும் போட்டுக்கொள்வதை நான் பலமுறை கண்டதுண்டு. அவர் வெள்ளிக்கிழமை விரதம் தவறாதவர். மச்சம் புழங்காத வீட்டில் பிறந்து வளர்ந்தவர். ஆயினும், கருடனின் நகங்களில் துடித்துக்கொண்டிருந்த மீன் அவருடைய பக்தியை இம்மியளவும் குறைத்ததில்லை. கருடனுக்கு அது ஆகாரம் என்பதை அவர் ஒருவரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

இக்காட்சியை நெடுங்காலமாகப் பார்த்து வந்தும், அதனுள் ஒரு சமய விசாரம் அடங்கியிருக்கிறது என்பதை எனக்கு உணர்த்தியது, ரொறன்ரோவிலிருந்து வந்த ஒரு கடிதம். எழுதியவள் என் தமக்கையின் மகள். அவளுடைய மகள், பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்புப் படிக்கிற பெண், ஃபெரட் என்ற ஒரு சிறு பிராணியை வளர்க்கிறாள். இதுவரை கடையில் விற்கும் உலர்ந்த உருண்டைத் தீனியைக் கொடுத்து வந்தவள், இனிமேல் அதற்குப் பச்சை இறைச்சியையே ஆகாரமாகக் கொடுக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். கடிதத்தின் முக்கியமான பகுதி இவ்வளவுதான்: "மாமா, அம்மா இருந்த காலத்திலும் சரி, நான் இங்கே வந்து குடித்தனம் நடத்திய காலத்திலும் சரி, எங்கள் வீட்டுக்குள் மச்சம் ஏறியதில்லை. இப்போது இந்தப் பிள்ளை இறைச்சியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவேண்டும் என்று நிற்கிறாள். சுவாமி அறைக்கும் குசினிக்கும் நடுவில் ஒரு சுவர்தான் இருக்கிறது. வைக்க விட்டால் பாவமா, விடாவிட்டால் பாவமா? நீங்கள் யோசித்து எழுதுங்கோ."

யோசித்தேன். யோசிக்கத் தொடங்கியபின், கேள்வி எளிதானதன்று என்பதும், நம் முன்னோர் இதைத் தொடாமல் விட்டுவிடவில்லை என்பதும் ஒருங்கே தெரிந்தன.

பிராணியின் சரீரத்தை அறியாமல் அதன் ஆகாரத்தைப் பற்றித் தர்ம விசாரம் செய்வது, நோயாளியைப் பாராமல் மருந்து எழுதிக் கொடுப்பதற்கு ஒப்பாகும். ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன். ஃபெரட் நம் நாட்டுக்குரிய பிராணியன்று. நீண்ட உடலும் குறுங்கால்களுமாகப் பார்வைக்குக் கீரியைப் போலிருந்தாலும், உறவு முறையில் அது நம் குளங்களிலும் ஆறுகளிலும் வாழும் நீர்நாய்க்கே நெருங்கியது. முயல் வளைகளுக்குள் நுழைந்து முயலை வெளியே துரத்துவதற்காக, ஐரோப்பியக் காட்டுப் பிராணியொன்றை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மனிதர் பழக்கி வளர்த்ததனால் உண்டான வீட்டினம் அது. ஸ்பெயின் தேசத்தில் முயல்களின் தொல்லையை ஒழிக்க இத்தகைய பிராணியை வளைகளுக்குள் விட்ட செய்தியைக் கிரேக்க ஆசிரியர் ஸ்திராபோ தம் பூகோள நூலில் எழுதியிருக்கிறார். மனிதன் தன் தேவைக்காக அதன் வேட்டைக் குணத்தைப் பேணினான். அதன் குடலையோ அவன் மாற்றவில்லை, மாற்றவும் முடியாது. அக்குடல் மிகக் குறுகியது. உண்ட உணவு மூன்று நான்கு மணி நேரத்துக்குள் வெளியேறிவிடும். தாவர நார் தங்கிப் புளித்துச் செரிப்பதற்குப் பசுவுக்கும் முயலுக்கும் வாய்த்திருக்கும் பைபோன்ற அறை அதற்கு அறவே இல்லை. ஆதலால் அது சிறிது சிறிதாகப் பலமுறை உண்ண வேண்டும்; உண்பது பெரும்பாலும் ஊனாகவும் கொழுப்பாகவுமே இருக்க வேண்டும். கீரையும் தானியமும் அதன் வயிற்றை நிரப்புமேயன்றி உடலைப் போஷிக்க மாட்டா.

நாம் நன்கறிந்த பூனையின் சரித்திரம் இதனை இன்னும் தெளிவாக்கும். டாரின் என்ற ஒரு சத்தை மனித சரீரம் தானே ஆக்கிக்கொள்ளும். பூனையின் சரீரம் போதிய அளவில் ஆக்கிக்கொள்ளாது. ஊனிலிருந்தே அதைப் பெறவேண்டும். அச்சத்துக் குறைந்தால் பூனையின் விழித்திரை சிதைந்து பார்வை கெடும் என்பதை 1975ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் நிரூபித்தனர். 1987இல், அதே குறையினால் பூனையின் இருதயம் வீங்கித் தளர்ந்து போவதையும், சத்தை மீளக் கொடுத்தால் அவ்விருதயம் தேறுவதையும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் கண்டறிந்தனர்; கடைகளில் முழு உணவென்று விற்கப்பட்டதையே தின்ற பூனைகளும் அவற்றுள் இருந்தன. பாலும் சோறும் இட்டு ஒரு பூனையை அன்போடு வளர்த்து, அது வெளியே போய் எலி பிடிப்பதையும் பாவமென்று தடுத்துக் கதவைச் சாத்தி வைத்த குடும்பம் ஒன்றை எனக்குச் சிறுவயதில் தெரியும். அப்பூனை நாளடைவில் சுவரில் முட்டி முட்டி நடந்தது. வயதாகிவிட்டது என்றார்கள். அதற்கு அப்போது வயது நான்கோ ஐந்தோதான்.

இனிச் சமயத்துக்கு வருவோம். ஆன்மாக்கள் அநாதி என்பதும், அவை தத்தம் வினைக்கு ஈடாகச் சரீரமெடுக்கின்றன என்பதும், அவற்றுக்குத் தனு, கரணம், புவனம், போகம் என்ற நான்கையும் கூட்டுவிப்பவன் இறைவன் என்பதும் சைவ சித்தாந்தத்தின் அடிப்படை. தனு என்பது உடம்பு. கரணம் என்பது கருவிகள். புவனம் என்பது வாழும் இடம். போகம் என்பது நுகர்ச்சி. இந்நான்கையும் நம் பெரியவர்கள் ஒரே மூச்சில் சேர்த்துச் சொன்னது காரணம் பற்றியே என்று நான் கருதுகிறேன். கிழிக்கும் பல்லையும் குறுகிய குடலையும் தனுவாகக் கொடுத்தவன், அவற்றுக்கு ஒவ்வாத புல்லைப் போகமாக வைத்திருக்க முடியாது. மானிடப் பிறவியே புதுவினை ஈட்டுதற்குரிய கர்ம யோனி, மற்றைப் பிறவிகள் பழவினையை நுகர்ந்து கழிப்பதற்குரிய போக யோனி என்ற வழக்கும் நம்மிடையே உண்டு. அவ்வழக்கின்படி, எலியைக் கொல்லும் பூனைக்கும் மீனைக் கவரும் செம்பருந்துக்கும் கொலைப்பாவம் இல்லை. அறிவு கொண்டு விலக்கக்கூடிய நமக்கே அது உண்டு. புலால் மறுத்தல் மனிதனுக்கு விதிக்கப்பட்ட விரதம், ஃபெரட்டுக்கு அன்று. நம்முடைய விரதத்தைப் பிறிதோர் உயிரின் வயிற்றில் ஏற்றி அதைப் பட்டினி போடும் அதிகாரம் நமக்கு எங்கே எழுதியிருக்கிறது?

இந்த நியாயத்தை ஒரு பருந்தின் வாயிலாகவே நம் இதிகாசம் சொல்லியிருக்கிறது. புறாவைக் காத்த சிபியின் கதையை நாம் சோழரின் முன்னோன் கதையாகவும், அடைக்கலத்தின் பெருமையாகவும் மட்டுமே பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறோம். அதில் பருந்து சொன்னதை அநேகமாக விட்டுவிடுகிறோம். புறா எனக்கு விதித்த இரை. அதை நீ தடுத்தால் நானும் மாய்வேன், என் குஞ்சுகளும் மாயும். ஓர் அறத்தைக் கெடுத்து நிற்கும் அறம் அறமாகுமா என்பது பருந்தின் வாதம். சிபி அதனை மறுக்கவில்லை. பருந்தே, நீ பழங்களைத் தின்னப் பழகிக்கொள் என்று அவன் உபதேசம் செய்யவும் இல்லை. அதன் பசிக்கு ஊனே வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டு, அவ்வூனைத் தன் தொடையிலிருந்து அரிந்து தராசில் வைத்தான். பருந்தின் உரிமையை மறுத்துப் புறாவைக் காத்திருந்தால், அது பாதி அறமாகவே நின்றிருக்கும்.

ஆனால், திருக்கழுக்குன்றத்தை நினைவூட்டி என்னை மறுப்பவர் இருக்கலாம். செங்கற்பட்டுக்கு அருகேயுள்ள அம்மலையில், நண்பகல் வேளையில் இரண்டு கழுகுகள் வந்து, அர்ச்சகர் கையால் சர்க்கரைப் பொங்கலை உண்டு சென்றதைக் கண்ணாரக் கண்டவர்கள் இன்னும் பலர் உள்ளனர். பக்ஷி தீர்த்தம் என்ற பெயரே அதனால் வந்தது. 1990களின் இறுதியில் அவற்றின் வரவு நின்றுபோயிற்று. அவை பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகினம் என்பர் பறவை நூலார். பிணந்தின்னும் பறவையே பிரசாதம் உண்டதாயின், ஒரு சிறு வீட்டுப் பிராணியைச் சைவமாக்குவது அசாத்தியமா என்று கேட்பார்கள். நான் அந்த அற்புதத்தைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக்கழுகுகள் நாளுக்கொருமுறை வந்து, ஒரு பிடி பொங்கலை உண்டு, பறந்து போயின. எஞ்சிய பொழுதெல்லாம் ஆகாயமும் பூமியும் அவற்றுக்குத் திறந்திருந்தன. தங்கள் உடம்புக்கு வேண்டியதைத் தாங்களே தேடிக்கொண்டன. கூட்டுக்குள் இருக்கும் ஃபெரட்டுக்கோ நாம் வைக்கும் கிண்ணம் ஒன்றே உலகம். பறந்து போகக்கூடிய விருந்தாளிக்குப் பொங்கல் கொடுப்பது உபசாரம். கதவடைத்து வைத்திருக்கும் பிராணிக்கு அதையே கொடுப்பது சிறைத்தண்டனை.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு பக்கமே. மறுபக்கத்தில் நிற்பவர்களோ நாம் தலைவணங்கும் பெரியோர். திருக்குறளின் 26ஆம் அதிகாரத்தில் வள்ளுவர், தின்பதற்காகக் கொள்வார் இல்லையானால் ஊனை விலைக்குத் தருவாரும் இல்லாது போவர் என்ற கருத்தை வைத்து, கொல்லவில்லை, வாங்கினேன் அவ்வளவே என்று தப்பித்துக்கொள்ளும் வழியை அடைத்துவிட்டார். நல்லூர் ஆறுமுக நாவலர் தம் பாலபாடத்திலே கொலையையும் புலாலுண்ணலையும் கடிந்து எழுதியதைப் படித்தே இவ்வீழநாட்டுச் சைவப் பிள்ளைகள் பல தலைமுறையாக வளர்ந்தார்கள். என் மருமகளின் வீட்டில் மச்சம் ஏறாததற்கு வித்திட்டதும் அந்தப் படிப்பே. இவர்களுக்கும் மேலாக, நம் கேள்வியை நேராகவே எதிர்கொண்டவர் வடலூர் இராமலிங்க அடிகள். பசித்தோர்க்கு உணவிடுதலே தலையாய வழிபாடென்று 1867இல் சத்திய தருமச்சாலையை நிறுவிய அப்பெருமானே, ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற தம் உரைநடை நூலில், ஓருயிரைக் கொன்று மற்றோருயிரின் பசியைத் தணித்தல் ஜீவகாருண்யம் ஆகுமா என்ற வினாவைத் தாமே எழுப்பி, ஆகாது, அது இறைவனுக்குச் சம்மதமும் ஆகாது என்று விடை சொல்லியிருக்கிறார்.

இந்த விடையை மழுப்பிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. பல நாள் அதைச் சுற்றிச் சுற்றியே என் சிந்தனை சென்றது. ஒரு கோழியும் உயிர்தான். அதற்கும் தனு, கரணம், புவனம், போகம் உண்டு. ஃபெரட்டின் மேல் நமக்குள்ள வாத்ஸல்யம் கோழியின் உயிரை இலேசாக்கிவிடாது. ஆகவே, பிராணிக்கு இறைச்சி இடுவதைப் புண்ணியமென்றோ ஜீவகாருண்யமென்றோ நாம் பெயர்சூட்டக் கூடாது என்பதில் அடிகளின் வாக்கு அப்படியே நிற்கிறது. ஆனால் புண்ணியம் அல்லாதன எல்லாம் விலக்கத்தக்கன ஆகிவிடுமா? கடன் என்று ஒன்று இருக்கிறது. ஒருவன் கடன் வாங்கினான் என்றால், அதைத் திருப்பிக் கொடுப்பது அவனுக்குத் தானமாகாது. அதனால் அவனுக்குப் புகழும் இல்லை. ஆனால் கொடாதிருந்தால் குற்றம். அந்தப் பிராணியைக் கடையில் வாங்கிக் கூட்டில் அடைத்த அன்றே, அதன் வேட்டையை நாம் பறித்துக்கொண்டோம். பறித்ததற்கு ஈடு செய்யும் கடன் அன்றே நம் தலையில் ஏறிவிட்டது. இறைச்சி இடுவதா வேண்டாமா என்பது இன்றைக்கு எழுந்த கேள்வியன்று. வாங்குவதா வேண்டாமா என்ற கேள்விக்குள்ளேயே அது இருந்தது. அன்று ஒருவரும் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைத்தான் என் மருமகளுக்கு எழுதிய பதிலில் முதலாவதாக எழுதினேன். இதுவரை அப்பிராணி தின்று வந்த உலர்ந்த உருண்டைகள் எதனால் ஆனவை? கோழியும் மீனும் பிற விலங்குகளின் உறுப்புகளும் ஆலையில் வெந்து, பொடியாகி, மாவோடு கலந்து, உருளை உருளையாக வெளிவந்தவையே அவை. அவற்றில் இரத்தம் தெரியாது. நாற்றமும் அவ்வளவாக இராது. பொதியின் மேலே அழகான படமிருக்கும். இரண்டு ஆண்டுகளாக அந்தப் பொதி அவள் வீட்டு அலுமாரியில், சுவாமி அறையிலிருந்து அதே ஒரு சுவர் தள்ளி, இருந்துதான் வந்திருக்கிறது. மச்சம் ஏறாத வீட்டுக்குள் மச்சம் ஏறி இரண்டு ஆண்டுகள் ஆயின. அதன் உருவம் மறைந்திருந்தமையால் ஒருவரும் அறியவில்லை. ஆகவே உருண்டையை விட்டு இறைச்சிக்கு மாறுவதனால் புதிதாக ஒரு கொலை உண்டாகிவிடவில்லை. முன்பே நிகழ்ந்துகொண்டிருந்த கொலை கண்ணெதிரே வருகிறது, அவ்வளவே. நாம் அருவருப்பது பாவத்தையா, பாவத்தின் தோற்றத்தையா? தோற்றத்தையே என்றால், அவ்வருவருப்புக்கு ஆசாரம் என்று பெயரிடுவது ஆசாரத்துக்கே இழுக்கு. காளத்தி மலையில் சிவகோசரியார் சந்நிதியில் இறைச்சியைக் கண்டு பதறிக் கழுவியதையும், அவ்விறைச்சியைப் படைத்த திண்ணனாரை இறைவன் தன் வலப்பக்கத்தில் நிற்க அருளியதையும் பெரியபுராணத்தில் நாம் படிக்கிறோம். அது அன்பின் கதை; ஃபெரட்டின் உணவுக்குப் பிரமாணமாக அதை நான் காட்டவில்லை. கண்டவுடன் பதறுவது மட்டும் தர்மத்தின் அளவுகோலாகாது என்பதற்கு மாத்திரம் காட்டுகிறேன்.

மகாபாரதத்து ஆரணிய பர்வத்தில் வரும் தர்மவியாதரை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. மிதிலை நகரத்துக் கடைத்தெருவில் இறைச்சி விற்றுக்கொண்டிருந்த அவரிடம், தவத்தால் செருக்குற்ற கௌசிகன் என்ற பிராமணன் தர்மோபதேசம் கேட்கச் செல்கிறான். நான் கொல்வதில்லை, பிறர் கொன்றதை விற்கிறேன், நான் உண்பதும் இல்லை என்று சொல்லும் அவர், அத்தொழிலை நல்லதென்று வாதிக்கவில்லை; அதன் கொடுமையை ஒப்புக்கொண்டே பேசுகிறார்; கலப்பையின் கீழே மாயும் எண்ணற்ற உயிர்களையும் எடுத்துக்காட்டுகிறார். தம் கைகள் தூயவை என்று அவர் ஓரிடத்திலும் சொல்லிக்கொள்ளவில்லை. இறைச்சியைத் தொட்டும் தாம் உண்ணாது விரதங்காத்த அந்த நிலை, ஃபெரட் வளர்க்கும் சைவப் பெண்ணுக்கு மிக அண்மையானது.

பிற சமயத்தாரும் இதனை எண்ணாதிருந்ததில்லை. டில்லியில் செங்கோட்டைக்கெதிரே திகம்பர ஜைனர் நடத்தும் பறவை வைத்தியசாலையில், ஊனுண்ணும் பறவைகளுக்கும் மருந்து கட்டுவார்கள். ஆனால் அவற்றை உள்ளே தங்கவைத்து ஊட்டுவதில்லை, வெளியிலேயே சிகிச்சை செய்து அனுப்பிவிடுவார்கள். தங்களால் அவற்றுக்கு உரிய உணவை இட முடியாது என்பதை அவர்கள் மறைக்கவில்லை. இட முடியாததால் அடைத்தும் வைப்பதில்லை. இதிலுள்ள நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கிறது. நம் துறைமுகத்துக்கு அக்கரையில், கிண்ணியாவிலும் மூதூரிலும் வாழும் முஸ்லிம் சகோதரர், ஒரு பூனையைக் கட்டிவைத்து உணவும் கொடாமல், பூமியில் திரியும் பூச்சி புழுக்களைத் தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண் நரகம் புகுந்தாள் என்ற நபிமொழியை அறிவார்கள். பூனைக்குரிய ஆகாரத்தின் பெயரையே சொல்லி, ஊட்டு, அல்லது அவிழ்த்துவிடு என்ற இரண்டு வழிகளை மட்டும் அது வைத்திருக்கிறது. கட்டிவைத்துவிட்டு நம் விருப்பப்படி ஊட்டும் மூன்றாவது வழி அதில் இல்லை.

இனி, அந்த மாற்றத்தை எவ்விதம் செய்வது என்பது. இதனை மிருக வைத்தியரிடமே கேட்க வேண்டும் என்று பிள்ளைக்கு எழுதியிருக்கிறேன். ஆயினும் இதைப்பற்றிப் படித்தபோது, சமயத்தில் நாம் பக்குவம் என்று சொல்வது பிராணியின் ஆகாரத்திலும் இருப்பதைக் கண்டு வியந்தேன். ஃபெரட் தன் இளம்பருவத்தின் முதற்சில மாதங்களில் எந்த நாற்றத்தை மோந்து பழகியதோ, அதையே பின்னர் உணவென அறியும். உருண்டையோடு வளர்ந்த பிராணியின் முன்னே தன் ஜாதிக்குரிய இறைச்சியையே வைத்தாலும், அது மோந்து பார்த்துவிட்டு விலகிப் போகும். பசித்தால் தின்னும் என்று விட்டுவிடவும் கூடாது. குறுங்குடலுடைய அந்த ஜீவன் நெடுநேரம் பட்டினி கிடந்தால் இரத்தத்தில் சர்க்கரை குறைந்து அபாயமாகிவிடும். ஆகவே முதலில் பழைய உருண்டையை நீரில் ஊறவைத்து, அதில் இறைச்சிச் சாற்றை ஒரு துளி கலந்து, விரல் நுனியில் எடுத்து அதன் உதட்டில் தடவி, சில நாள் கழித்து அரைத்த இறைச்சியைச் சிறிது கூட்டி, அது ஒப்பிய பின் துண்டங்களாக்கி, இப்படி வாரக்கணக்காக, சிலவேளை மாதக்கணக்காக நடத்த வேண்டியிருக்கிறது. ஈரலும் இருதயமும் அளவோடு சேர வேண்டும். எலும்பு கொடுப்பதாயின் பச்சையாகவே கொடுக்க வேண்டும். வெந்த எலும்பு கூராகச் சிம்பு சிம்பாய்ப் பிளந்து குடலைக் கிழிக்கும்.

கோழியை விட மீன் பாவம் குறைந்தது என்ற நம் கடற்கரை எண்ணத்தில், மீனையே கொடுக்கலாமோ என்று மருமகள் கேட்டிருந்தாள். சூடை போன்ற சில மீன்களின் பச்சை ஊனில் உயிர்ச்சத்து பி1ஐ அழிக்கும் ஒரு பொருள் இருக்கிறது. அமெரிக்காவில் 1930களில் பச்சை மீன் தின்று வளர்ந்த பண்ணை நரிகள் கால் செயலிழந்து வீழ்ந்ததிலிருந்தே இவ்வுண்மை வெளிப்பட்டது. கரைவலைப் பூனைக்கு எலியும் பல்லியும் கூடக் கிடைக்கின்றன. கூட்டுப் பிராணிக்கு அவை இல்லை. பச்சை இறைச்சியில் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால், நோய்க்கிருமி நீக்காத ஊனைப் பூனை நாய்களுக்குக் கொடுப்பதை அமெரிக்க மிருக வைத்தியர் சங்கம் 2012ஆம் ஆண்டு முதல் தவிர்க்குமாறு அறிவுறுத்தி வருகிறது என்பதையும் எழுதினேன். பச்சையா, அவித்ததா என்பது வைத்திய விசாரம். ஊனா, அன்றா என்பதே சமய விசாரம். முன்னதில் எனக்கு அதிகாரமில்லை. ஆனால் கிருமிக்கு அஞ்சி வைத்தியர் சொல்லும் விதிகளான தனிப்பாத்திரம், தனிக்கத்தி, தனித்தட்டு, தொட்டபின் கைகழுவுதல் ஆகியவை யாவும் என் தமக்கை கைக்கொண்ட ஆசாரத்துக்கு அப்படியே பொருந்துகின்றன. ஒரு சிறிய குளிர்சாதனப் பெட்டியைக் கீழறையில் தனியே வைத்துக்கொள்ளுமாறும், பிராணிக்கு ஊட்டும் வேலையைப் பிள்ளையே தன் கையால் செய்ய வேண்டுமென்றும், செய்யும்போது அது ஓருயிரின் உடல் என்பதை மறவாதிருக்க வேண்டுமென்றும் எழுதினேன். பாவமில்லை என்று நான் எழுதவில்லை. இந்தப் பிராணி ஆறேழு ஆண்டு உயிர் வாழும். அதுவரை இக்கடன் உன்னுடையது, அதன் பின் இன்னொன்று வாங்குமுன் என்னிடம் கேட்காதே, உன்னையே கேள் என்று முடித்தேன்.

கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டுக் கோட்டை வாசல் வழியாகக் கோணேசர் சந்நிதிக்கு நடந்தபோது, பிரெட்ரிக் கோட்டையின் மரநிழலில் புள்ளிமான்கள் நின்றுகொண்டிருந்தன. இந்நகரத்தின் மான்கள் மனிதரோடு மிகவும் பழகியவை. தெருவிலும் கடற்கரையிலும் பேருந்து நிலையத்தருகிலும் கூடத் திரிபவை. வண்டியிலிருந்து இறங்கிய ஒரு குடும்பத்தார், பக்தி நிறைந்த முகத்தோடு, பாணையும் உழுந்து வடையையும் அவற்றின் வாயில் ஊட்டினார்கள். வடை சுற்றிவந்த பொலித்தீன் தாளை ஒரு குட்டிமான் மென்று விழுங்கியதை அவர்கள் கவனிக்கவில்லை. புல்லையும் தழையையும் அசைபோட்டுச் செரிப்பதற்கு நான்கு அறைகளோடு படைக்கப்பட்ட அந்த இரைப்பையில் மாவும் எண்ணெயும் புளித்துக் கேடு செய்யும். பொலித்தீனோ அங்கேயே தங்கி, வழியை அடைத்துக் கொல்லும். இறந்த மான்களின் வயிற்றில் அது கட்டி கட்டியாகக் கிடந்ததை இவ்வூரார் அறிவர். ரொறன்ரோவில் ஒரு தாய் ஊனுண்ணியைச் சைவமாக்க விரும்பியதற்கும், இங்கே ஒரு குடும்பம் தழையுண்ணியை வடை தின்னவைத்ததற்கும் காரணமாக இருந்தது ஒரே அன்புதான். அந்த அன்பு இரண்டிடத்திலும் எதிரே நின்ற உடம்பைப் பார்க்கவில்லை.

கோணேசரைத் தரிசிக்க வரும் அடியார்களை நான் கைகூப்பிக் கேட்டுக்கொள்வது இது: கோட்டைக்குள் நிற்கும் மான்களுக்கு வடையும் பாணும் கொடுக்க வேண்டாம், கொண்டுவந்த பொலித்தீனை மலையிலோ வழியிலோ விடாமல், உங்களோடு திரும்பக் கொண்டு போங்கள்.